செத்தவருக்குச் சீர்வரிசை

கொடுமணலில் தோண்டிய ஒரே ஒரு கல்லறையில் மட்டும் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இதைப் படித்ததும் அறிஞர்களுக்கு மறுமை நம்பிக்கை, வணிகப் பெருவழி, சமூகப் படிநிலை என்று வரிசையாகக் கட்டுரைத் தலைப்புகள் தோன்றும். எழவு வீடுகளுக்குப் போய்ப் போய்க் கால் தேய்ந்த கொங்கு நாட்டுக்காரனுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பங்காளிகளுக்குள்ள ஏதோ போட்டி நடந்திருக்குது.

செத்தவர் கேட்டிருக்க மாட்டார். அவ்வளவு மணியையும் கோத்து மாட்டினால் உயிரோடிருப்பவருக்கே கழுத்துச் சுளுக்கும். ஆனால் எழவு என்பது என்றைக்குச் செத்தவர் விருப்பப்படி நடந்திருக்கிறது? குழிக்குள் வைத்த சாமான், படுத்திருந்தவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். குழியைச் சுற்றி நின்று 'இன்னும் ரெண்டு வெய்யி, பாக்கறவிய என்ன நெனைப்பாங்க' என்றவர்களைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். தொல்லியல் புத்தகங்களை இந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் பொழுது நன்றாகப் போகும்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்குக் கொடுமணல் ஒன்றும் தூரமில்லை. பெருந்துறை போய், சென்னிமலை போய், அங்கிருந்து மேற்கே போனால் நொய்யல் கரை. ஆனாலும் போகிறவர் குறைவு. நமக்கு ஊர் சுற்ற வேண்டுமென்றால் கொடிவேரி அணையில் ஒரு குளியல், கரையேறியதும் வறுத்த மீன். வேண்டுதல் இருந்தால் பாரியூர் அம்மன் குண்டம். இரண்டும் இல்லாத நாளில் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் எவனாவது சினிமா எடுக்கிறானா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது. கொடுமணலில் டூயட் எடுக்க வழியில்லை. கல்லும் முள்ளுமாகக் காடு. பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. அதற்குத் திருப்பூர்ச் சாயக் கழிவு அனுப்பிவைத்த நிறங்கள். நம் தலைமுறை நொய்யலுக்கு வைத்த ஈமப் பொருள் என்று அதைச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளாவிட்டால்.

இந்தக் காட்டுக்குள்தான் இரண்டாயிரத்து சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்பேட்டை ஓடியது. இரும்பு உருக்கினார்கள், எஃகு செய்தார்கள், கல்லை உடைத்து இழைத்து ஓட்டை போட்டு மணி கோத்தார்கள். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதையில் ஊர். சங்கப் புலவர்கள் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று நகைக்காகப் பாடியது இந்த ஊரைத்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கே மண்வெட்டியைப் போட்டது, எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் வருடக்கணக்கில் தோண்டினார்கள். 2012, 2013இல் ராஜன் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் திரும்ப வந்தார். பிறகு மாநிலத் தொல்லியல் துறை. கி.மு. 5ஆம் நூற்றாண்டுவரை பழமை போகிறது.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. மக்கள் குடியிருந்த மேடு சுமார் 50 ஏக்கர். கல்லறைகள் பரவிக் கிடப்பது சுமார் 100 ஏக்கர். உயிரோடு இருப்பவன் ஒண்டிக் குடித்தனம் நடத்த, செத்தவன் இரட்டிப்பு இடத்தில் காலை நீட்டிக்கொண்டிருக்கிறான். பட்டா யார் பேரில் இருந்ததோ.

கல்லறைகளைச் சுற்றி நிற்கும் கல்வட்டங்கள் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. மாடு மேய்த்தவர்கள் காலம் காலமாக அதில் உட்கார்ந்துதான் கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தார்கள். விளக்கமும் கைவசம் இருந்தது. பாண்டவர்கள் வனவாசத்தில் ஒளிந்த குழி என்றார்கள் ஒரு சாரார். பாண்டவர்கள் இந்தியா முழுக்கத் தோண்டியிருக்கும் குழிகளைக் கணக்கெடுத்தால், பன்னிரண்டு வருடமும் அவர்கள் வேறு வேலையே பார்க்கவில்லை என்று தெரியும். இன்னொரு சாரார் குள்ளர்கள் கட்டிய வீடு என்றார்கள். செத்தவரை வைத்துப் புதைக்கும் தாழிக்கு வேறு கதை. அந்தக் காலத்தில் ஆட்கள் லேசில் சாக மாட்டார்களாம். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை அளவுக்கு வந்துவிடுவார்களாம். கோழி கொத்திவிடும், பூனை தூக்கிவிடும் என்று பயந்து, பானைக்குள் உட்கார வைத்து, சோறு தண்ணீர் வைத்து, மாடத்தில் விளக்கும் ஏற்றி மூடிவிடுவார்களாம். மாமியாரைப் பானையில் வைத்து மூடுவதற்கு இதைவிட மரியாதையான காரணத்தை எந்த மருமகளும் கண்டுபிடித்ததில்லை.

வெள்ளைக்காரத் துரைகளுக்கும் இதில் ஒரு கண். கோயம்புத்தூர் ஜில்லாவில் உத்தியோகம் பார்த்த வால்ஹவுஸ் என்பவர் இந்தப் பக்கத்துக் கல்லறைகளைப் பற்றி 1875இலேயே லண்டன் சஞ்சிகையில் எழுதிவிட்டார். மாடு மேய்ப்பவரிடம் கேட்டிருந்தால் பாண்டவர் என்று சொல்லி அனுப்பியிருப்பார், மை மிச்சமாகியிருக்கும்.

சரி, அன்றைக்கு என்னதான் நடந்திருக்கும்? இனி வருவது நான் கட்டுகிற நாடகம். ஆட்களின் பெயர் மட்டும் என் சரக்கல்ல. சம்பன் சுமணன், கண்ணன் ஆதன் என்று கொடுமணல்காரர்களே பானை ஓட்டில் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பன் பெயர் முன்னால், மகன் பெயர் பின்னால். ஆகவே சம்பன் அய்யன், சுமணன் மகன், ஆதன் ஒண்டிவீட்டுப் பங்காளி. நாடகத்துக்கு இது போதும்.

சம்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். மணிப்பட்டறை முதலாளி, நல்ல சாவு. ஆனால் அவசரம் ஒன்றுமில்லை. கொடுமணல் கல்லறைகளில் பெரும்பாலும் இருப்பது முழு உடம்பல்ல; வேறு எங்கோ விட்டுவைத்து, சதை போன பிறகு பொறுக்கி எடுத்து வந்து வைத்த எலும்புகள். அதாவது எழவு இரண்டு தவணை. முதல் தவணையில் அழுகை. இரண்டாவது தவணைக்கு மாதக்கணக்கில் அவகாசம். மாதக்கணக்கில் அவகாசமும் வேப்பமரத்தடியும் ஒரு கயிற்றுக் கட்டிலும் தாய்மாமனும் கிடைத்தால் கொங்கு நாட்டில் எந்தச் செலவும் சின்னதாக முடியாது.

"ஏனுங் மாமா, கல்லு எத்தனைங்க ஆவும்?"

"சுத்தி நாலு, மேல மூடறதுக்கு ஒண்ணு. அஞ்சோட முடிச்சுப்போடலாம் மாப்ள."

"அஞ்சுங்களா? ஆதன் அவிய அப்பனுக்கு மூணு ரூமு வெச்சுக் கட்டுனானுங்க. எங்கய்யனுக்கு ஒத்த ரூமு வெச்சா நாளைக்கு நான் சந்தைப்பக்கம் தலை காட்ட முடியுங்களா?"

"உங்கய்யன் இருக்கறப்ப ஒத்தத் திண்ணைலதானடா படுத்திருந்தாரு?"

"அது இருக்கறப்பங்க."

இந்த 'அது இருக்கறப்பங்க' என்ற ஒரு சொல்லில் பெருங்கற்காலம் முழுக்க அடங்கிவிடும். முடிவில் மூன்று அறை. பெரிய பதுக்கை ஒன்று, அதை ஒட்டிச் சின்னது இரண்டு. பலகைக்கல் ஒவ்வொன்றும் ஆள் உயரம். மூடுகல் பல டன். கிரேன் கிடையாது. ஊரையே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சோறு போட வேண்டும். சோறு போட்டால் கறி போட வேண்டும். கறி போட்டால் கள்ளை எங்கே என்பான். செத்தவர் தலையில் கல்லை வைப்பதற்குள் மகன் தலையில் கடன் ஏறிவிடும். அப்புறம் அறைகளைச் சுற்றிக் கல்வட்டம். வட்டக்கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய மனிதர் உள்ளே இருக்கிறார் என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். சுமணன் எதிர்பார்த்ததும் அதைத்தான். இரண்டாயிரம் வருடம் கழித்தும் ஏமாற ஆள் கிடைத்தால் கல்லுக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.

பலகைக்கல்லில் ஓர் ஓட்டை போடுவார்கள். இடுதுளை என்று பெயர். ஆவி போய்வர என்பது ஒரு விளக்கம். பின்னால் சாகிறவர்களின் எலும்பையும் உள்ளே தள்ள வசதி என்பது இன்னொன்று. சம்பன் மனைவிக்கு இரண்டாவது விளக்கம்தான் உடனே புரிந்திருக்கும். "எனக்கும் சேத்தி ஒரே செலவுல முடிக்கறானாக்கு" என்று மூக்கைச் சிந்தியிருப்பார். மகன் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

அடுத்தது பானை. கல்லறைக்குக் கறுப்பு சிவப்புப் பானைதான் வைக்க வேண்டும், அது முறை. நாலுகால் வைத்த சாடி, கிண்ணம், தட்டு, மூடி, பானை உருளாமலிருக்கப் பிரிமணைக்குப் பதில் மண்ணிலேயே செய்த வளையம். மருமகள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். விளிம்பு உடையாதது இந்தப் பக்கம், அடுப்படிக்கு. லேசாக வாய் போனது அந்தப் பக்கம், மாமனாருக்கு. கொழுந்தியா பார்த்துவிட்டால் மட்டும் இடம் மாறும். 2020இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டிய மூன்று அறைக் கல்லறை ஒன்றில், அறைகளுக்கு வெளியே கல்வட்டத்துக்குள் 10 பானை கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. வழக்கமாக அப்படி மூன்று நான்குதான் இருக்கும். பத்து என்றால் கொழுந்தியாமார்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரும்பு வாள் வைப்பதில் தம்பிக்கும் அண்ணனுக்கும் சின்ன உரசல். ஊரே இரும்பு உருக்கும் ஊர், இன்னொன்று அடித்துக்கொள்ளலாம் என்று சமாதானமானது.

மணிக்கு வருவோம். இங்கேதான் கொடுமணல்காரன் யாரென்று தெரிகிறது. பக்கத்திலேயே படியூரில் பெரில், சிவன்மலையில் நீலக்கல், சுற்று வட்டாரத்தில் படிகம். அதையெல்லாம் வெட்டி எடுத்து மெருகேற்றி, முழுதும் பாதியும் தூளுமாகப் பட்டறைத் தரையில் இறைத்துவைத்திருக்கிறார்கள். ஆனால் கல்லறையில் அள்ள அள்ளக் கிடைப்பது சூதுபவளம். குஜராத் பக்கத்திலிருந்து வந்த சரக்கு. உள்ளூர்க் கல் எவ்வளவு ஒசத்தியானாலும் அதை வைத்தால் 'பட்டறைல கூட்டி அள்ளுனதப் போட்டுட்டான்' என்று பேச்சு வரும். இறக்குமதி என்றால் வாய் அடைக்கும். வீட்டுத் தோட்டத்து இளநீரை விற்றுவிட்டு விருந்தாளிக்குப் பாட்டில் கலர் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

2220 எப்படி வந்திருக்கும்? பெரிய மாப்பிள்ளை 1000 மணி கொண்டுவந்து தாம்பாளத்தில் கொட்டினார். சின்ன மாப்பிள்ளை வெளியே போய்விட்டு வந்து 1100 கொட்டினார். தாய்மாமன், கௌரவம் போகக் கூடாதே என்று 100. மிச்சம் 20? எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆதன் கைப்பிடி ஒன்றைப் போட்டுவிட்டு, நானும் செய்தேன் என்று பேர் வாங்கிக்கொண்டான். மொய் நோட்டு கிடைக்கவில்லை. கிடைத்தால் நிரூபிப்பேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த ஊரில் எழுத்துத் தெரிந்தவர்கள் ஏராளம். தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் எடுத்தாகிவிட்டது. ஆனால் பெயர் எழுதிய ஓடுகள் பெரும்பாலும் குடியிருப்பு மேட்டில்தான். இத்தனை கல், இத்தனை மணி, இத்தனை சாப்பாட்டுச் செலவு செய்தவர்கள் உள்ளே இருப்பது யார் என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. காரணம் எளிது. வீட்டுப் பானையில் பேர் எழுதாவிட்டால் ஒறம்பரை எடுத்துக்கொண்டு போய்விடும். குழிப் பானையை யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்?

இதெல்லாம் கொங்குக் குசும்பு, வெளிநாட்டில் பெரிய மனிதர்கள் இப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் எகிப்துவரை வரவும். பிரமிடு, மம்மி எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்னால், கொடுமணலுக்கும் மூவாயிரம் வருடம் முன்னால், நைல் நதிக்கரை மணலில் நீள்வட்டமாகக் குழி பறித்து, பாய் விரித்து, ஆளைக் கை கால் மடக்கி இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் வீட்டுச் சாமான். தந்தச் சீப்பு, கொண்டை ஊசி, கல் கத்தி, கண்ணுக்குப் பச்சை மை அரைக்க ஒரு பலகைக்கல். அந்த மைக்கல்லை மீன் வடிவிலும் ஆமை வடிவிலும் செதுக்கியிருப்பார்கள். செத்தும் கண்ணுக்கு மை. பானையோ உடம்பு சிவப்பு, வாய் கறுப்பு.

ஆமாம், கறுப்பும் சிவப்பும்தான். சூளையில் கவிழ்த்துவைத்துக் காற்றுப் படாமல் செய்தால் அந்த இடம் கறுக்கும், காற்றுப் பட்ட இடம் சிவக்கும்; நெருப்புக்கு ஈரோடும் தெரியாது, எகிப்தும் தெரியாது. ஆகவே 'நைல் நதிக்கு வாய்க்கால் வெட்டிய நொய்யல் தமிழன்' என்று வாட்ஸாப்பில் எழுதத் தொடங்கியவர்கள் தயவுசெய்து கையை எடுக்கவும். நடுவில் மூவாயிரம் வருடம் கிடக்கிறது.

அந்த எகிப்துக் குழிகளைக் கொத்தோடு தோண்டியவர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர். 1894-95 குளிர்காலத்தில் நகாடா என்ற இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள். உள்ளே அவருக்குத் தெரிந்த எகிப்துச் சாமான் ஒன்றுகூட இல்லை. உடனே, இது எங்கிருந்தோ படையெடுத்து வந்த 'புதிய இனம்' என்று அறிவித்துவிட்டார். பாட்டன் வீட்டுச் சாமானைப் பார்த்துவிட்டுத் திருடன் வந்திருக்கிறான் என்றது இந்த வகை. இது எகிப்தியர்களின் முப்பாட்டன் காலமையா என்று டி மோர்கன் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சொன்னார். பெட்ரி இறங்கி வந்தார். ஆனால் அதன்பின் செய்த வேலை அபாரம். 900 குழிகளின் சாமான்களை அட்டைச் சீட்டுகளில் எழுதி, சீட்டாட்டக்காரன் கணக்காக மாற்றி மாற்றி அடுக்கி, எது முந்தி எது பிந்தி என்று வரிசை கண்டுவிட்டார். வருடம் தெரியாமலே வயது சொல்லும் வித்தை. வரிசையை ஒன்றிலிருந்து தொடங்காமல் 30இலிருந்து தொடங்கினார். இன்னும் பழையது கிடைத்தால் இடம் வேண்டுமே. முன்பந்தியில் இலை போட்டு வைத்தவர்.

அந்த வரிசைக்கு ஆதாரமாக இருந்தது ஒரு வகை ஜாடி. கைப்பிடி அலையலையாக இருக்கும். ஆதியில் அதற்குள் வாசனைக் கொழுப்பு நிரப்பிச் செத்தவருடன் வைத்தார்கள். விலை கூடிய சரக்கு. கொஞ்ச காலம் போனது. ஜாடியில் கொழுப்பு குறைந்தது, மண் ஏறியது. இன்னும் கொஞ்ச காலம், முழுக்க மண். ஜாடியும் ஒல்லியாகி, கைப்பிடி வெறும் கோடாகிவிட்டது. நல்லெண்ணெய் டின்னில் மேலே ஒரு கரண்டி மட்டும் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் வித்தையைப் பெற்ற அப்பனுக்கே செய்திருக்கிறார்கள். எழவுக்கு வந்தவர்கள் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். பார்த்தது ஐயாயிரம் வருடம் கழித்து வந்த வெள்ளைக்காரர்.

எகிப்தில் கெர்ஸே என்ற இடத்தில் 1911இல் இரண்டு குழிகளிலிருந்து ஒன்பது இரும்பு மணிகள் எடுத்தார்கள். கி.மு. 3200 வாக்கில் எகிப்தில் ஏது இரும்பு? வானத்திலிருந்து விழுந்த எரிகல்லைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டிச் செய்த மணி என்று 2013இல் உறுதியானது. அதைத் தங்கம், சூதுபவளம், லாபிஸ் லசூலியோடு சேர்த்து மாலை கோத்திருக்கிறார்கள். அங்கே இரும்பு, தங்கத்தின் பக்கத்தில் உட்காரும் சீமாட்டி. கொடுமணலில் அதே இரும்பு உலைக்களத்தில் குடம் குடமாகக் கசடு தள்ளியது. ஆனால் லாபிஸ் லசூலி இரண்டு ஊருக்கும் பொது. நீல நிறக் கல், ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டுவது. கெர்ஸேக்காரனும் அதைத்தான் வரவழைத்தான், கொடுமணல்காரனும் அதைத்தான் வரவழைத்தான். எத்தனை மலை தாண்டி வருகிறதோ அத்தனை மதிப்பு, எழவு வீட்டில் எந்த நாடானாலும்.

நம் பக்கத்துச் சரக்கு எகிப்தியக் கல்லறைக்குப் போனதுண்டா என்றால், உண்டு. கொஞ்சம் பிந்தி. கி.மு. 1213இல் செத்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மூக்கில் மிளகு இருந்தது. மலையாளக் கரையில் கொடியில் விளைந்தது கடல் தாண்டிப் போய்ச் சக்கரவர்த்தியின் மூக்கில் ஏறியிருக்கிறது. தும்மக்கூட முடியாத நிலையில் அவர்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்னொருவர் கிடக்கிறார். கெபலைன் என்ற ஊர் மணலில் காய்ந்த வாலிபர். 2012இல் ஸ்கேன் எடுத்தபோது முதுகுப் பக்கம் தோளில் குத்து வாங்கிச் செத்தவர் என்று தெரிந்தது. அது வேறு பஞ்சாயத்து. அவரோடு குழியில் வைத்த பானையும் கல் சாமானும் லண்டன் வந்து சேரவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைச் சுற்றி அழகாக அடுக்கிக் காட்டியது அடுத்தவர் வீட்டுப் பாத்திரம். மேலோகத்தில் விசாரித்தால் என்ன பதில் சொல்வார் பாவம்.

இத்தனை பேரைத் தோண்டிய பெட்ரிக்கு என்ன ஆனது? 1942இல் ஜெருசலேமில் காலமானார். தன் மண்டை விஞ்ஞானத்துக்குப் பயன்படட்டும் என்று லண்டன் அறுவை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். உடம்பு ஜெருசலேமில் அடக்கமாயிற்று. தலை ஜாடியில் ஏறி, உலகப் போரால் தாமதப்பட்டு, லண்டன் வந்து அலமாரியில் உட்கார்ந்தது. அங்கே ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டு கழன்று விழுந்துவிட்டது. கொஞ்ச காலம் அது யார் தலை என்றே தெரியாமல் இருந்தது. 900 குழிக்குச் சீட்டு எழுதி வரிசைப்படுத்திய மனிதர்! நகாடாவில் சில பிணங்களுக்குத் தலை இடம் மாறியிருந்ததைப் பார்த்து அந்தக் காலத்தில் அவர் கண்டபடி சந்தேகப்பட்டது வேறு. கொடுமணல்காரர்கள் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு தவணையில் போனவர் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

கோபிக்காரர்கள் கவனிக்க வேண்டிய கல்லறை ஒன்று பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் இருக்கிறது. ராஜன்தான் 2009, 2010இல் தோண்டினார். அங்கே ஒரு நாலுகால் சாடிக்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல் அப்படியே இருந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று வந்தது. பானை வைக்கும் வளையத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருந்ததால், எழுத்தின் வயதையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளும் பெரிய விவாதம் கிளம்பியது. அசோகருக்கு முந்தியா பிந்தியா என்று பேராசிரியர்கள் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறார்கள்.

இதை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னேன். அறுப்புக்கு ஆள் கிடைக்காத கவலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அசோகர் விஷயத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நெல்லு என்ன ரகம்டா?"

"அதுங்களா பெரியப்பா, ஒரைசா சட்டைவான்னு போட்டிருக்குதுங்க."

"சட்டையுமில்ல, வேட்டியுமில்ல. சன்னமா மோட்டாவான்னு கேக்கறன்."

அதற்கு என்னிடம் பதிலில்லை. அவரே தொடர்ந்தார்: "ரெண்டு கிலோ என்னத்துக்குடா பத்தும்? போறவன் அங்க நாத்து உடறதுக்கு வெச்சிருப்பாங்க. வெத நெல்லு அது." ஆய்வுக் கட்டுரைகளில் இப்படி ஒரு கருத்தை நான் பார்க்கவில்லை. தோண்டுகிற இடத்தில் ஒரு பெரியப்பாவை உட்கார வைக்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.

இப்போது நம் வீட்டு எழவுகளில் குழிக்குள் போவது என்ன? வாய்க்கரிசி போகிறது. நெற்றிக்காசு போகாது, வெட்டியான் எடுத்துக்கொள்வார். பிறந்த வீட்டுக் கோடி மேலே போர்த்தியதோடு சரி. தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாம் குளிப்பாட்டும் முன்பே கழற்றி எண்ணி, எண்ணியது சரிதானா என்று இன்னொருத்தி எண்ணி, மடியில் முடிந்தாயிற்று. ஆசைப்பட்ட பலகாரம், பீடி, குவார்ட்டர் எல்லாம் மூன்றாம் நாள் படையலில் இலையில் வைப்பார்கள். சாமி கும்பிட்டதும் பங்காளிகள் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். ஜாடியில் மண் வைத்த நகாடாக்காரனைவிட இது நேர்மை. நாம் வைக்கிற மாதிரி வைத்துவிட்டு எல்லோர் கண் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இரண்டாயிரம் வருடம் கழித்து நம்மைத் தோண்டப் போகிறவன் வயிறெரிவான். வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் மக்காமல் கிடைக்கும். கண்ணீர் அஞ்சலியில் செத்தவர் படம் ஒன்று, அஞ்சலி செலுத்துவோர் படம் முப்பது. அதிலும் சுமணன்தான் தெரிவான்.

பெரியப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனாயா, என்னையக் கொண்டு போறப்ப என்னென்ன வெப்பீங்க?"

பெரியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே யோசித்தார். "வெத்தலைப் பொட்டி வெக்கறனுங்க. அந்த ஓடாத ரேடியாவ வெக்கறன். வேற என்ன வேணும்?"

"போனு?"

"போன வேணா கொண்டு போங்க. சார்ஜரு இங்கயே இருக்கட்டும், ஊட்டுக்கு அது ஒண்ணுதானுங்க இருக்குது."